பஸ்யூனி விழுங்கிய மாத்திரைகள்

உப்பில்லாத சோற்றை ஒருவரைச் சாப்பிட வைப்பது பெரிய பாடு, ஐயா. நான் எலுமிச்சை பிழிந்து கொடுப்பேன். டயாலிசிஸ் பிரிவில் எல்லோரும் என் கையால்தான் சாப்பிட்டார்கள். பஸ்யூனியும் அப்படித்தான்.

வாய்க்கால் தண்ணீரிலிருந்து உடம்பில் ஏறும் புழுவுக்கான மாத்திரையைச் சிறுநீரகம் செத்தவர்கள் எவ்வளவு தாங்குவார்கள் என்று டாக்டர் ரிஃப்கி ஆராய்ந்தார். முப்பத்திரண்டு பேர். மாத்திரை கொடுப்பதும் உடம்பில் என்ன மாற்றம் என்று எழுதுவதும் செவிலியான என் வேலை.

பஸ்யூனி எங்கள் ஊர் வாய்க்கால் மேற்பார்வையாளராக இருந்தவர். பாசி அள்ள என் அண்ணன் ஷஹாத்தாவை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கியவர். பதின்மூன்று வயதில் அந்தப் புழு ஏறி அண்ணனுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக விடுப்பு கேட்டு அம்மா அவர் முன் போய் நின்றாள். அவர் சிரித்து அனுப்பிவிட்டார். இருபத்து நான்கு வயதில் அதே நோயில் அண்ணன் செத்தான்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு நாள் ஊசி ஏற்றிக்கொண்டே, வாய்க்காலில் இறங்கி ரத்தமாகச் சிறுநீர் போன பையன்களைப் பற்றிக் கேட்டேன். மனம் வருந்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்.

"ரத்தமா போனா பய ஆம்பள ஆயிட்டான்னு அர்த்தம்மா. அதுக்கு யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர் மாத்திரையின் அளவைக் கூட்டினேன்.

"ஏம்மா, இன்னைக்கு மாத்திரை கூட இருக்கே?"

"டாக்டர்தான் கூட்டச் சொன்னார், ஹாஜி."

நம்பி விழுங்கினார். தலை சுற்றுகிறது, நெஞ்சு தடுமாறுகிறது என்றார். குறை எதுவும் இல்லை என்று தாளில் எழுதினேன். நான்காவது வாரம் நாற்காலியிலேயே போய்விட்டார். என் வயிறு குளிர்ந்தது.

மருந்துதான் கொன்றது என்று ரிஃப்கி ஆராய்ச்சியை நிறுத்தினார். மிச்சமிருந்த முப்பத்தொரு பேருக்கும் மாத்திரை நின்றது. ஓராண்டுக்குள் மூன்று பேர், புழு ஈரலைக் கெடுத்ததில், ரத்த வாந்தி எடுத்துச் செத்தார்கள். பெருநாளுக்கு எனக்கு மருதாணி வைத்துவிட்ட ஸனிய்யாவும் அதில் ஒருத்தி. அழுதேன். அவள் உடலைக் குளிப்பாட்டக்கூடப் போனேன். ஆனால் அது மருந்து கிடைக்காமல் வந்த சாவு; நிறுத்தியது டாக்டர். அதற்கு என்னை ஏன் பார்க்கிறீர்கள்?

நான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தது வேறு காரணத்துக்கு. பஸ்யூனியைக் கொன்றது மருந்து என்று ரிஃப்கியின் அறிக்கை சொல்கிறது. அது பொய், ஐயா. கொன்றது நான், ஷஹாத்தாவின் தங்கை. அதை மட்டும் திருத்தி எழுதுங்கள்.