திரை நிரம்ப வேண்டும்

செல்போனைப் படுக்கவைத்துப் பிடிப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, ஐயா. மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனாலும் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை நிமிர்த்திப் பிடித்தே வீடியோ எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு, "மண்டபத்துல பெருசா போட்டுடுங்க" என்று எனக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் மண்டபத்துத் திரை பதினாறடி அகலம். அதில் நிமிர்ந்த வீடியோவைப் போட்டால் நடுவில் ஒரு கீற்றுதான் படம். இரண்டு பக்கமும் கன்னங்கரேலென்று பட்டை. அந்த இடத்தை மங்கலாக்கி நிரப்பும் வித்தை ஒன்று உண்டு. அது கிழிந்த சட்டைக்குப் பொருந்தாத துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பெரிதாக்கி நிரப்பினாலோ தலை ஒரு பக்கம் போகும், கழுத்து மட்டும் பேசும். போன மாதம் ஒரு நிகழ்ச்சியில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "என்னப்பா, கதவிடுக்கு வழியா எட்டிப் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். மண்டபமே சிரித்தது. பத்து வருடமாக இந்தத் திரையை ஓட்டுகிறேன், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்போது என் மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய இளைய மகளுக்கு, அதாவது என் மைத்துனிக்கு, அன்று மாலை கல்யாண வரவேற்பு. மாமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய் எட்டு மாதமாகப் படுக்கை. வர முடியாது. அதனால் மகளுக்குச் சொல்ல வேண்டியதைத் தானே செல்போனில் பேசி எனக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நிமிடம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சிரித்துக்கொண்டே, அவள் ஐந்து வயதில் அவருடைய கண்ணாடியை மீன் தொட்டியில் போட்டுவிட்டுப் பழியை மீனின் மேல் போட்ட கதையைச் சொல்லியிருந்தார். நல்ல பேச்சு. நானே கண்கலங்கினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் முன்னூறு பேர் வருகிறார்கள். தொழிலே இதுவாக இருக்கிற மூத்த மருமகன், சொந்த மாமனாரைக் கதவிடுக்கில் காட்டினால் ஊர் காறித் துப்பாதா? மதியம் மூன்று மணிக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மற்றவர்கள் எல்லாரும் மண்டபத்தில் இருந்தார்கள். மாமாவும் நர்ஸம்மாவும் மட்டும்தான் வீட்டில்.

"முதல்ல எடுத்ததே நல்லாத்தானே இருக்கு, மாப்பிள்ளை?" என்றார் மாமா.

"ரெண்டு பக்கமும் கறுப்பா வரும் மாமா. நம்ம பொண்ணு கல்யாணம். ஒரு தடவை, அவ்வளவுதான்."

அகலப் படத்தில் ஒரு தொல்லை உண்டு, ஐயா. நிமிர்ந்த படம் முகத்தை மட்டும் காட்டும். அகலப் படம் அறை முழுவதையும் காட்டிக்கொடுக்கும். மருந்து மேசை, மடித்த துணிகள், கட்டிலின் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம். ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இயந்திரத்தை அறை மூலைக்குத் தள்ளியபோது குழாயின் நீளம் போதவில்லை. தவிர, அது மாவு மில் மாதிரி இரைச்சல் போட்டது. தள்ளி நின்று எடுக்கும்போது பேச்சை விட இரைச்சல்தான் விழும். குழாயைக் கழற்றி இயந்திரத்தை அணைத்தேன்.

நர்ஸம்மா பதறிப்போய், "சார், அது இல்லாம அஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்க மாட்டாரு" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்தாம்மா" என்று அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அவள் பேச்சும் பதிவில் விழுந்திருக்கும்.

முதல் தடவை மாமா கேமராவை விட்டுக் கதவைப் பார்த்தார். இரண்டாவதில் மீனை மறந்துவிட்டார். மூன்றாவதில் இருமல். நான்காவது சுமார். ஐந்தாவது தடவைதான் பிரமாதமாக வந்தது. குரல் தணிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, சினிமா நடிகர்கூட அப்படிப் பேச மாட்டார். எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு மருந்து பாட்டில் எட்டிப் பார்க்கிறது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, என் மேலேயே. பாட்டிலை நகர்த்திவிட்டு ஆறாவது ஆரம்பித்தேன்.

ஆறாவதில் மாமா, "பாப்பா" என்று சொல்லி நிறுத்தினார். அடுத்த சொல்லுக்காக நான் நாற்பது நொடி காத்திருந்தேன். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இயந்திரத்தை மட்டும் ஓடவிட்டு, வெளியே வந்து நர்ஸம்மாவிடம், "குழாயெல்லாம் மாட்டியாச்சு. அசந்து தூங்குறாரு, எழுப்பிடாதீங்க" என்றேன். அது பொய்தான். ஆனால் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் பாழாகியிருக்கும். மண்டபத்துக்குப் போய் ஐந்தாவதை எடுத்து, ஓரத்திலிருந்த பாட்டிலைக் கணினியில் அழித்தேன். ஒரு நிமிட வேலை.

திரை முழுக்க மாமா வந்தார். ஒரு விரற்கடை கறுப்புக்கூட இல்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, "உடம்பு சரியில்லன்னாங்க, மனுஷன் கிண்ணுன்னு இருக்காரே" என்றார். கைதட்டல் ஓய நேரமானது. மைத்துனி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

விஷயம் தெரிந்த பிறகு அவள் என்னிடம் பேசுவதில்லை. மாமா தானே எடுத்த அந்த முதல் வீடியோவைத்தான் தன் செல்போனில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாளாம். பார்க்கட்டும். சின்னத் திரையில் குறை தெரியாது.

அவர் உயிருக்கு ஆபத்து என்று எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். நான்காவது தடவையிலேயே தெரிந்தது, ஐயா. உதடு நீலமாகியிருந்தது. நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். சரிசெய்தும்விட்டேன். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.