பேரைச் சொல்லாம கேளு

தம்பி: ...அதெல்லாம் வேண்டாங்க்கா. சங்கத்துலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க.

அக்கா: அட, நீ ஒண்ணு! கூட்டம் முடிஞ்சு நாற்காலிகூட இன்னும் மடிக்கல. அதுக்குள்ள இடி விழுந்த மாதிரி நின்னா எப்படி? உட்காரு.

தம்பி: மேடையில பேசினீங்களே... "எந்தக் காலேஜ்லயும் படிப்பு ஆலோசகர் தனியாத் தவிக்கக் கூடாது, அதுக்குத்தான் சங்கம் வேற வேற காலேஜ்ல இருக்கற நம்மள, ஒருத்தர ஒருத்தர் யோசனை கேட்டுக்கச் சொல்லி ரெண்டு ரெண்டு பேரா சேர்த்துவிட்டிருக்கு"ன்னு... என்னால கேக்கவே முடியல.

அக்கா: அவ்ளோ மோசமாவா பேசினேன்?

தம்பி: விளையாடாதீங்க்கா. நான் உங்ககிட்ட ஒரு பையனப் பத்திக் கேட்டேனே...

அக்கா: எத்தனையோ பையன். பேரைச் சொல்லாமத்தானே கேப்போம்? அதானே நம்ம சங்க வழக்கம்.

தம்பி: இன்ஜினியரிங். பாதிக்கு மேல அரியர். நகத்தக் கடிச்சுக் கடிச்சு விரல் பூரா ரத்தம்...

அக்கா: ம்.

தம்பி: "படிப்ப விட்டுடச் சொல்லு. உசுரோட இருந்தா எதையாவது பண்ணிப் பொழச்சுக்குவான்"னீங்க.

அக்கா: சொன்னேன்.

தம்பி: "நீயா வீட்டுக்குச் சொல்லாதே"ன்னும் சொன்னீங்க.

அக்கா: அவன் ஒண்ணும் சின்னப் புள்ள இல்லியே. அவன்தான் சொல்லணும். தப்பா?

தம்பி: போயிட்டான்க்கா. விடுதிய காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போனான். அங்கேயும் இருக்க விடலியாம். எங்க இருக்கான்னு கூட்டாளிங்களுக்கே தெரியல. நாளைக்குப் பெத்தவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்ல?

அக்கா: கேக்க மாட்டா.

தம்பி: அது எப்படி உங்களுக்கு...

அக்கா: டீ ஆறுது பாரு. குடி.

தம்பி: ...உங்க பையன் எப்படி இருக்கான்?

அக்கா: அவனுக்கென்ன... படிக்கிறான். பரீட்சை வருதுல்ல.

தம்பி: அக்கா...

அக்கா: என்னடா?

தம்பி: அந்தப் பையன் கடைசியா என் ரூமுக்கு வந்தப்ப அவனுக்கு ஒரு போன் வந்துச்சு. போன் மேஜை மேலதான் கிடந்துச்சு. கூப்பிட்டவங்க படம்...

அக்கா: வேணாம். நிறுத்து.

தம்பி: 'அம்மா'ன்னு போட்டு உங்க முகம்க்கா! அதுக்கு முன்னாடியே "விட்டுடுப்பா"ன்னு வாயத் திறந்துட்டேன். அப்பவாவது ஓடி வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். பெத்தவ வாயாலயே புள்ளையத் துரத்த வச்ச பாவி நான்...

அக்கா: அழாத. யாராவது வரப்போறாங்க... கதவச் சாத்து.

தம்பி: ரெண்டு அறை அறைஞ்சிடுங்க்கா. மனசு ஆறும்.

அக்கா: நீ என்னடா பண்ணுன? அவன் உன் காலேஜ்லதான் படிக்கிறான்னு உங்கிட்ட நான் சொன்னதே இல்ல. நீ அந்த விரலைச் சொன்னப்பவே என் புள்ளன்னு தெரிஞ்சுபோச்சு. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவளுக்கு, அவங்கப்பாவ மீறி "விட்டுடுடா"ன்னு சொல்லத் துப்பில்ல. அதான் உன்னை விட்டுச் சொல்ல வச்சேன். அவன் என்னை நம்பித்தான்டா வீட்டுக்கு வந்தான். வந்தவன, ஒண்ணும் தெரியாதவளாட்டம், அவரோட சேந்து நானும் கத்தினேன்... இப்ப ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறான். உன் போன்லேர்ந்து ஒரு தடவ கூப்பிடேன்... நீன்னா எடுப்பான்.