இடம் மாறிய டேபிள்

குற்றாலம் பேரருவி வரிசையில் எனக்கு முன்னால் இருவர். ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலை என்பது பேச்சில் தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல இருந்த என் ஷிப்ட் டேபிளைத் தண்ணியில கரைச்ச மாதிரி கரைச்சிட்டியேலே," என்றார் மூத்தவர்.

"அது டெம்பரரி டேபிள், அண்ணாச்சி. சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன்ல டிஸ்க்ல கெடந்துச்சு. நான் போட்ட புது வெர்ஷன்ல மெமரியிலதான் இருக்கும். மெஷின ஆஃப் பண்ணுனா போயிரும்."

"ஒரு வாரமா தட்டுன ஷிப்ட் விவரம்லே. நாளைக்கு யார எப்ப வரச்சொல்ல?"

"பழசுலயும் அதுக்குப் பேரு டெம்பரரிதான்."

"பேரு கெடக்கட்டும். தெனமும் காலையில வந்து பாத்தா இருந்துச்சுல்லா? மனுசன் அதத்தான நம்புவான்."



அருவி நெருங்கியது. மூத்தவர் சட்டையையும் வாட்சையும் கழற்றி இளையவரிடமே கொடுத்தார்.

"குளிச்சிட்டு வாரேன். இங்கனயே நில்லு. எடம் மாறுததா இருந்தா, எங்கிட்ட சொல்லிட்டு மாறு."