ரேஸ் இறங்காத வேன்

பொழுது சாய்ந்துவிட்ட நேரம். இருட்டு இன்னும் முழுசாக விழவில்லை. ஊரைவிட்டு வெளியே போகிற பழைய சாலை அது... புதுச் சாலை போட்ட பிறகு அந்தப் பக்கம் எப்போதாவது ஒரு லாரி வந்தால் உண்டு. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற மரக்கிடங்குகள். கடைசியில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். உள்ளே ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு வேன்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்... காற்று வருகிறது.

இது நம் பெயிண்டருடைய சித்தப்பா மகனுக்கு நடந்தது. மெக்கானிக். அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் அவன் ‘காதுக்காரன்’. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பான். எந்த வால்வு தட்டுகிறது, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது... கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். “கடன்காரன் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது அடைச்சுக்கும்” என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

வேன் வேறு யாருடையதும் இல்லை. அவன் மனைவியின் அண்ணனுடையது, அதாவது அவனுடைய பெரிய மச்சானுடையது. மாமனார் விட்டுப்போன பழைய பெட்ரோல் வண்டி. அவர் செத்த நாளிலிருந்து பெரிய மச்சானுக்கும் சின்னவனுக்கும் அந்த வண்டியால் ஓயாத சண்டை. சாவி யார் சட்டைப் பையில் இருப்பது என்பதுதான் விவகாரம். கடைசியில் போன மாதம் சின்னவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான் என்று பெரியவர் சொன்னார். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனானே என்று அக்காக்காரிக்கு, அதாவது காதுக்காரன் மனைவிக்கு, வருத்தம். போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகவே சொன்னது.

அதற்குப் பிறகுதான் வண்டிக்கு இந்தக் கோளாறு.

“மாப்ள, நின்ன எடத்துல கத்துது. ஆக்சிலேட்டர்ல காலே வைக்கல, யாரோ மிதிச்சிட்டு இருக்குற மாதிரி ரேஸ் ஆகுது. நாலு பேர்கிட்ட காட்டிட்டேன். எப்படியாவது இத அடக்கிக் குடு.”

மத்தியானம் வண்டியை விட்டுவிட்டுப் போனார். முகம் வெளுத்திருந்தது. தூங்கிப் பல நாள் ஆன கண்கள். “வந்து எடுத்துக்கிறேன். நீ மட்டும் பாரு, வேற யாரையும் கூப்பிடாத” என்று போகிற போக்கில் சொன்னார்.

காதுக்காரன் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு வேலையை ஆரம்பித்தான்.

முதலில் கார்புரேட்டர் பக்கத்திலிருக்கிற ஐடில் ஸ்க்ரூ, நிற்கிற வண்டியின் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. அதைத் திருப்பித் திருப்பி முழுக்கத் தளர்த்தினான். அந்த அளவுக்குத் தளர்த்தினால் எந்த எஞ்சினும் திணறி நின்றுபோகும். இது நிற்கவில்லை. சோக் சிக்கிக்கொண்டதோ என்று பார்த்தான். இல்லை, நன்றாகத் திறந்திருந்தது. ஆக்சிலேட்டர் கேபிள் விறைப்பாக இருக்கிறதோ? தொளதொளவென்றுதான் இருந்தது. எதற்கு வம்பு என்று கேபிளையே கழற்றித் தொங்கவிட்டான். அப்புறம் பெடலுக்கும் எஞ்சினுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

எஞ்சின் அதே மாதிரி அலறியது.

அப்படியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது, வேண்டாத காற்றை உள்ளே இழுக்கிறது. கார்புரேட்டர் அடியில், கேஸ்கெட்டைச் சுற்றி, பெட்ரோலைத் துளித்துளியாக விட்டுப் பார்த்தான். ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறும். மாறவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினான். ம்ஹூம்.

கடைசி வைத்தியம் ஒன்று உண்டு. கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடுவது. காற்று இல்லாமல் எஞ்சின் உள்ளங்கையை உறிஞ்சிப் பிடிக்கும், இரண்டு மூச்சில் அணைந்துவிடும்.

மூடினான்.

கையை அது உறிஞ்சவில்லை... ஊதியது. சூடாக. ஈரமாக. விட்டு விட்டு. ஒரு ஆள் வாயைப் பொத்தினால் எப்படி இருக்குமோ, அப்படி.

காதுக்காரன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். உள்ளங்கையில் பெட்ரோல் வாசம் இல்லை. கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட தண்ணீரின் வாடை.

மனசு வேண்டாம் என்றது. கை பழக்கதோஷத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டது. முனையை எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தான். வால்வு ஒழுங்காக இருந்தது. பேரிங் ஒழுங்காக இருந்தது. அதற்கெல்லாம் அடியில்... ரொம்ப அடியில்...

“தூக்கு... அண்ணே... தூக்குண்ணே...”

அந்த நேரம் பார்த்து எஞ்சின் தானாகத் தணிந்தது. பூனை உறுமுகிற மாதிரி இறங்கியது. இப்போது ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை. வண்டியின் அடியிலிருந்து, வெறும் தரையிலிருந்து, கேட்டது. சின்னவன் குரல்.

“வண்டியத் தூக்குண்ணே... நெஞ்சு நசுங்குதுண்ணே... அண்ணே... ஐயோ...”

குனிந்து பார்த்தான். அடியில் யாரும் இல்லை. நிமிர்ந்தபோது திறந்திருந்த கதவு வழியாக டிரைவர் சீட்டின் கீழே கண் போனது. ஆக்சிலேட்டர் பெடல், ஆளில்லாமல், மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடிமட்டம் வரைக்கும். கேபிள் அறுந்த கொடிபோல் வெளியே தொங்கிக்கொண்டுதான் இருந்தது... எஞ்சின் மறுபடி அலற ஆரம்பித்தது. குரல் அதில் முங்கிப்போனது.

சாவியைத் திருப்பினான். நிற்கவில்லை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். அப்போதுதான் நின்றது. அதோடு விடவில்லை அவன். நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரையே பெயர்த்தெடுத்து, ஒர்க்‌ஷாப்பின் மறுகோடியில் இருந்த மேஜைமேல் கொண்டுபோய் வைத்தான். எஞ்சினில் அது இருந்த இடம் குழியாகத் திறந்து கிடந்தது. அதில் ஒரு பழந்துணியைத் திணித்தான்.

“என்ன மாப்ள... அடங்கிடுச்சா?”

வாசலில் பெரிய மச்சான் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார்... தெரியாது.

“அடங்கிடுச்சு மச்சான்.”

“அடங்குனப்புறம்...” அவர் உதட்டை நக்கிக்கொண்டார். “எதாச்சும் கேட்டுச்சா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அவன் பொய் சொன்னால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படி. பெரியவர் அந்த முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். திரும்பிப் போய் ஷட்டரைக் கடகடவென்று கீழே இழுத்துவிட்டார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த வீல் ஸ்பானரை எடுத்தார்.

“மச்சான், வேணாம்...”

முதல் அடி தோளில். எலும்பு உடைந்த சத்தம் காதுக்காரனுக்கே துல்லியமாகக் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம். இரண்டாவது அடி விலாவில். கையில் அகப்பட்ட ஆயில் டப்பாவை அவர் மூஞ்சியில் வீசினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, நெற்றியை வண்டியின் பம்பரில் மோதினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. காதுக்காரன் அவர் மணிக்கட்டைக் கடித்தான், பல்லில் சதை வரும்வரை. உதறிவிட்டு அவன் வயிற்றில் மிதித்தார். அவன் உருண்டு போய் வண்டிக்கு முன்னால், சுவரோரம் விழுந்தான்.

“ஜாக்கிய உருவணும்னு நெனைக்கல மாப்ள.” அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது. “கோவத்துல ஒரு எத்து விட்டேன்... வண்டி, அடியில படுத்திருந்த சின்னவன் மேல எறங்கிடுச்சு. செத்துருவான்னு பாத்தா, கத்துறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுருமே... உள்ள ஏறி உக்காந்து ஆக்சிலேட்டர மிதிச்சேன். அவன் நிறுத்துற வரைக்கும் மிதிச்சிட்டே இருந்தேன்... என் கால் மரத்துப் போச்சு மாப்ள.”

ஸ்பானரை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். அவர் முதுகுக்குப் பின்னால் வேன்.

எஞ்சின் உறுமியது.

காயில் ஒயர் தரையில் கிடக்கிறது. கார்புரேட்டர் மேஜைமேல் இருக்கிறது. எஞ்சின் வாயில் பழந்துணி. எஞ்சின் ஓடுகிறது... பெரியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கியர் விழுந்த சத்தம் கேட்டது. காதுக்காரன் காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் புரண்டான். வேன் பாய்ந்தது.

அவரை இடுப்போடு சேர்த்துச் சுவரில் அறைந்தது. செங்கல் பொடி கொட்டியது. பின்னால் போனது. அவர் சரிந்து விழும் முன் மறுபடி அறைந்தது. ஸ்பானர் எங்கோ போய் விழுந்தது. மூன்றாவது தடவை அறைந்த பிறகு பின்னால் போகவில்லை. அப்படியே வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. சக்கரங்கள் சிமெண்ட் தரையில் வழுக்கிச் சுழன்றன. ரப்பர் கருகிய புகை, ரத்தவாடை... தகரக் கூரை முழுக்க அதிர்ந்தது.

அவர் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கத்துகிறார் என்று கண்ணால் பார்க்க முடிந்தது. ஆனால் ஒரு சத்தம்... ஒரே ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. எஞ்சின் அவ்வளவு உரக்க ஓடியது.

சீட்டில் யார் இருந்தார்கள் என்று அவனால் பார்க்க முடியவில்லை. தூக்கி நிறுத்திய பானெட் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தது. பார்க்காததே புண்ணியம் என்பான்.

அந்த வாய் அசைவதை நிறுத்தியதும் எஞ்சினும் நின்றது.

டயர் மாற்ற வந்த லாரிக்காரர் ஒருவர்தான் ஷட்டரைத் தூக்கிப் பார்த்து போலீசுக்குச் சொன்னார். கார்புரேட்டர் இல்லாத வண்டி எப்படி ஓடியது என்று வந்தவர்கள் ஆளுக்கொரு முறை கேட்டார்கள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில், சரிவில் ஹாண்ட் பிரேக் நழுவியது என்று எழுதிக்கொண்டார்கள். அந்த ஒர்க்‌ஷாப் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருளாது.

காதுக்காரன் சொன்ன பேச்சை வைத்துப் பெரியவர் வீட்டு வண்டிக் கொட்டகையைத் தோண்டினார்கள். புதிதாகப் பூசிய சிமெண்டுக்கு அடியில் சின்னவன் கிடந்தான். நெஞ்சுக்கூடு தட்டையாகியிருந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு இழவு. காதுக்காரனுடைய மனைவி இரண்டிலும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், பாய் விரித்தாள், சமைத்தாள். கல் மனசுக்காரி என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவனுக்கும் உள்ளூரப் பயம்தான். அதிர்ச்சி தெளியட்டும் என்று விட்டுவிட்டான்.

கட்டோடு வீட்டில் படுத்திருந்தான். ஒருநாள் பகலில் கண்ணயர்ந்து எழுந்தபோது பின்கட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே ஓடுகிறதே என்று அப்போதுதான் உறைத்தது. உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனான். மெஷினுக்கு எதிரில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே துணி இல்லை. தண்ணீர்கூட இல்லை.

“ஏம்மா... வெறும் மெஷின எதுக்கு ஓட்டுற?”

நிறுத்துவதற்குக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“ஓடட்டுங்க” என்றாள், அவனைப் பார்க்காமலே. “முன்னாடி தம்பி மட்டும்தான் கத்துவான். அப்ப ஃபேன் சத்தமே போதும்... இப்ப ரெண்டு பேரும் கத்துறாங்க.”