ஸ்டக்கி வீட்டின் இரும்புக் கைப்பிடி

காபி நன்றாக இருக்கிறது, டேல். உன் ஷெரிஃப் அலுவலகத்தில் இப்படிக் காபி கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன்.

நான்காம் வகுப்பில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து பழைய வெண்ணெய்ச் சாடியை உடைத்தாயே, நினைவிருக்கிறதா? அதையும் தேதி, நேரம், உன் பெயரோடு எழுதி வைத்திருக்கிறேன். விவரச் சீட்டுக் கட்டாத பொருள் எங்களுக்குக் குப்பை.

சரி, வெர்னா விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது? ஒரு தானியக் கிடங்கு, ஒன்றோடொன்று பேசாத மூன்று தேவாலயங்கள், 1851இல் கட்டிய ஸ்டக்கி வீடு. அந்த வீட்டை மாநிலத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் ஏற்றி வாசலில் வெண்கலப் பலகை பதிக்க, வரலாற்றுச் சங்கத் தலைவியாகப் பதினொரு வருடம் நாயாய் அலைந்தேன். வீடு தயாராக இருந்தது. குடியிருந்த வெர்னா ஸ்டக்கிதான் தயாராக இல்லை.

எண்பத்து நான்கு வயது, மங்கிய கண். போன வசந்தத்தில் மாடிப்படிச் சுவரில் ஒரு இரும்புக் குழாயை அடித்துக் கைப்பிடி என்று வைத்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாய், டேல். வால்நட் மரப் பலகைச் சுவரில். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். "வெர்னா, அந்தப் படியில கைப்பிடியே கெடையாதுங்க. பழைய போட்டோவுல பாருங்க."

"அந்தப் போட்டோவுல நிக்கிறவங்க எல்லாம் இப்ப எங்கடி இருக்காங்க? கல்லறையில. எனக்கொண்ணும் அவசரமில்ல."

"வியாழக்கிழமை ஆய்வாளர் வர்றாரு. ஒரே ஒரு நாள் கழட்டி வைங்களேன்."

"நீ ஒரு நாள் உன் முழங்காலக் கழட்டி வை லோர்னா, அப்புறம் பேசலாம். இந்தா, பை சாப்பிடு."

ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம். அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. தன் காலத்துக்குப் பிறகு வீடு சங்கத்துக்கு என்று உயிலும் எழுதியிருந்தாள், நல்ல மனுஷி. அந்தக் காலம்தான் முடிகிற பாடாக இல்லை.

புதன் மதியம் போனேன். சாப்பிட்டதும் அவள் மாடியில் ஒரு தூக்கம் போடுவாள், காதும் மந்தம். இந்த ஊரில் யார் கதவைப் பூட்டுகிறார்கள்? ஆறு திருகாணிகள். குழாயைக் கழற்றிவிட்டு, துளைகளில் தேன்மெழுகையும் வால்நட் மரத்தூளையும் குழைத்து அடைத்துத் தேய்த்துவிட்டேன். நீயே மறுநாள் அவள் விழுந்து செத்த படிக்கட்டடியில் நின்று, "பாவம் கிழவி, ஒரு கைப்பிடி கூட இல்லாம இருந்திருக்கு" என்றாய். என் கைவேலையை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

கழற்றியது ஆய்வாளருக்காகத்தான். சனிக்கிழமை திரும்ப மாட்டிவிடுவதாக இருந்தேன். அவள் தூங்கி எழுந்து வழக்கம்போல் சுவரில் கையை வைத்து இறங்குவாள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்? மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆய்வும் ஒரு வாரம் தள்ளிப்போனது.

ஆமாம், எங்கள் அருங்காட்சியகச் சேமிப்பறையில் நீ எடுத்தது அதே குழாய்தான். தூக்கி எறிந்திருக்கலாம் என்கிறாய். ஸ்டக்கி வீட்டுப் பொருளையா? அதில் கட்டிய சீட்டில் இருப்பது என் கையெழுத்துதான். புதன்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. "வெர்னா ஸ்டக்கியின் நினைவாக."

மூன்று மணிக்கு அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு போனில் சிரித்துப் பேசியிருக்கிறாள் என்று நீ சொல்லித்தான் தெரியும். அப்படியானால் இரண்டு நாற்பதுக்கே ஏன் "நினைவாக" என்று எழுதினேன் என்கிறாய்.

இதில் என்ன இருக்கிறது, டேல்? ஒரே பொருளுக்கு இரண்டு முறை சீட்டு எழுதுவது எனக்குப் பிடிக்காது.