காக்கா தொடாத சோறு

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். மடியில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் வைத்திருந்தவள் சொன்னாள்:

“அவனுக்காக தெனமும் காக்காவுக்குச் சோறு வெச்சிக்கினு இருக்கேன்டி. துன்ன மாட்டேங்குது.”

“எவனுக்கு?”

“அந்த வில்லாளிக்குத்தான். கடைசி பாகத்துல செத்துட்டான்னு சொன்னேனே.”

“ஏமே, கதைல செத்தவனுக்கா படைக்கிற? உங்கம்மா பாத்தா வேப்பில அடிப்பாங்க.”

“அவனுக்குக் கொள்ளி வெக்கக்கூட ஆளில்ல. போர்க்களத்துலயே உட்டுட்டுப் போயிட்டாங்க. எட்டு பாகம் அவன்கூடவே இருந்தேன். நானும் செய்யலன்னா எப்படி?”

தோழி சிரித்தாள். “காக்கா இன்னும் புக்க முடிச்சிருக்காது, அதான் வரல.”

“வருதுடி. சோத்தப் பாக்குது. அப்புறம் எனக்குப் பின்னால பாக்குது. பறந்துடுது. எனக்கும் சோறு எறங்க மாட்டேங்குது.”

சிரிப்பு நின்றது.

“செத்தவங்களுக்கு ஆச பாக்கி இருந்தா தொடாதுன்னுவாங்க. அவனுக்குப் புடிச்சது எதனா வெச்சியா?”

“அதத்தான் மொதல்லேர்ந்து தேடிப் பாத்துட்டேன். எல்லாரும் விருந்து துன்றாங்க, அவன் வாசல்ல காவல் நிக்கிறான். எட்டு பாகத்துலயும் ஒரு வாய்கூட துன்னல.”

பேருந்து பூதலப்பட்டைத் தாண்டியது. தோழி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“இப்பவும் பின்னாலதான் இருக்கானா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோழி பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, அவளும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

“துன்னுப்பா.”

என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. நான் ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தேன்.