மணிய அடிச்சவரு நீங்கதானா?

இருங்க இருங்க, மறுபடி சொல்லுங்க. ஏரி மொத்தமும் ஒறஞ்சு போயிடும். அது மேல லாரிய ஓட்டிக்கிட்டுப் போயி, நடுவுல ஒரு ஓட்டையப் போட்டு, ஓட்டைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து மீன் புடிப்பீங்க. நாள் பூரா. அதுவும் ஆசப்பட்டு! ஏன் தம்பி, மினசோட்டால கடையில மீன் விக்க மாட்டாங்களா?

கிண்டல் எல்லாம் இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். பெத்த புள்ளைய உங்க காலேஜ் டீமுக்கு அனுப்புன்னு வந்து உக்காந்திருக்கீங்க. அவன் அங்க ஃபுட்பால் விளையாடுவானா, இல்ல அந்த ஓட்டைக்குள்ள விழுவானான்னு ஒரு தாய் கேக்கக் கூடாதா? கென்ட்ரெல் எடை முந்நூத்திப் பத்து பவுண்டு. உங்க ஐஸ் தாங்குமா? லாரியவே தாங்குதா, சரி, அப்பத் தாங்கும்.

டீயக் குடிங்க. என்ன, இனிப்பு தூக்கலா? மிசிசிப்பில டீன்னா இதுதான். அக்டோபர்ல வந்தப்பவும் இப்படித்தான், என் கெளுத்தி வறுவலத் தின்னுட்டு, வித்தியாசமா இருக்குங்கன்னு சொன்னீங்க. வித்தியாசமா இருக்காம்! சரி, ஏதோ பாராட்டுறாரு பாவம்னு நானும் பல்லக் காட்டுனேன். நீங்க போனப்பறம் கென்ட்ரெல் சொல்றான், அம்மா, அவங்க ஊர்ல அதவிடப் பெரிய திட்டு கெடையாதும்மான்னு.

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். இந்த வீட்டுக்கு பதினோரு காலேஜ்லருந்து கோச்சுங்க வந்து போயிருக்காங்க. வாசல்லயே ஷூவக் கழட்டி வெச்சுட்டு உள்ள வந்த ஒரே ஆளு நீங்கதான். உங்க ஊர்ப் பனிச்சேறு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு பழக்கமா? நல்ல பழக்கம். சாக்ஸ்லருந்து கட்டைவெரல் எட்டி ஊரப் பாக்குது, அது வேற கதை.

அட, வேர்க்குதா? டிசம்பர் மாசம் தம்பி இது! நான் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு ஹீட்டர் பக்கத்துல உக்காந்திருக்கேன், நீங்க கழுத்துப் பட்டனக் கழட்டுறீங்க. இதுக்கே இப்படின்னா ஆகஸ்ட்ல வந்து பாருங்க. நூத்திரெண்டு டிகிரி. காத்து நனஞ்ச துணி மாதிரி மூஞ்சில வந்து ஒட்டும். அந்தக் காத்துல ஹெல்மெட்டு, தோளுக்குக் கவசம்னு அத்தனையும் மாட்டிக்கிட்டு பசங்க ஓடுவாங்க. அதுக்காகத்தான எல்லாரும் ப்ளேன் புடிச்சு வர்றீங்க? உங்க ஊர்ல பசங்களே பொறக்கலையா? அதெல்லாம் பொறக்குது. ஆனா உங்களுக்கு வெயில்ல வெந்த பையன் வேணும். வேக வெக்கிறது நாங்க, எடுத்துச் சாப்பிடுறது நீங்க. நல்ல ஏற்பாடு.

உங்க சாமர்த்தியமும் லேசுப்பட்டதில்ல. கென்ட்ரெலுக்குக் காலேஜச் சுத்திக் காட்ட எந்த மாசம் கூப்டீங்க? ஜூன்! படகு என்ன, பச்சப் புல்லு என்ன, சாயங்காலம் ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் என்ன. மழ இல்லாத நாளாப் பாத்து ஒழுகுற வீட்டக் காட்டி வாடகைக்கு விடுறவன் கெட்டான் போங்க. அவன் வந்து சொல்றான், அம்மா அங்க பனியே இல்லம்மான்னு. இவன் பரீட்சையில எப்படித்தான் பாஸ் பண்றானோ.

யாரு, செவத்துல இருக்குற போட்டோவா? ஆமா, நல்ல தோளுதான். ஆனா அது கென்ட்ரெல் இல்ல தம்பி. மூத்தவன், ஆமோஸ். அம்பத்திநாலாம் நம்பரு. அந்த நம்பர இப்ப யாருக்கும் குடுக்கறதில்ல. சொல்றேன், இருங்க. மொதல்ல இந்த ஆப்பிள் பை ஒரு துண்டு சாப்பிடுங்க. மூணு தடவ வேணாம்னு சொல்லிட்டு நாலாவது தடவ வாங்குவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த மூணையும் நானே சொல்லிக்கிறேன்: வேணாம், வேணாம், வேணாம். இந்தாங்க தட்டு.

செவப்புத் தொப்பிக்காரரு இதுல எவ்வளவோ தேவல. அதான், கோச் பர்விஸ். நம்ம பக்கத்துக் காலேஜு, கார்ல ஒண்ணே முக்கால் மணி நேரம். உங்கள மாதிரி கூச்சமே கெடையாது மனுஷனுக்கு. ஞாயித்துக்கெழம நேரா எங்க சர்ச்சுக்கே வந்து மூணாவது பெஞ்சுல உக்காந்துட்டாரு. பாஸ்டர் அறிவிப்பு வாசிக்கிறாரு, பார்க்கிங்ல யாரோ நீல வண்டில லைட்ட அணைக்கலன்னு. அதுக்கும் இவரு ஆமென்னு கத்துறாரு! அப்பறம் இங்க வந்து மூணு தட்டு சாப்ட்டாரு. சாப்பாட்டு ஜெபத்துல கண்ணத் தொடச்சாரு. நடிப்புத்தான், ஆனாலும் மெனக்கெட்டு நடிச்சாரு இல்ல?

ஊரும் அவரு பக்கந்தான். இந்த டாலிவர் ஊர்ல வேற எந்தப் பக்கம் இருக்கு? முடிவெட்டுறவரு ரெண்டு வருஷமா கென்ட்ரெல்கிட்ட காசு வாங்குறதில்ல. சர்ச்சுல நோயாளிங்களுக்கு ஜெபம் பண்றதுக்கு முன்னாடி அவன் மொழங்காலுக்கு ஜெபம் பண்றாங்க. புற்றுநோய் வந்த கெழவி ஒருத்தி முன் வரிசைல உக்காந்திருக்கா, பாவம், அவளும் அந்த மொழங்காலுக்குக் கைய ஒசத்துறா. வர்ற புதன்கெழம ஸ்கூல் ஹால்ல மேச போட்டு ரெண்டு காலேஜு தொப்பியும் வெப்பாங்க, பர்விஸோட செவப்பு ஒண்ணு, உங்க பச்ச ஒண்ணு, எத எடுக்கிறானோ அந்தக் காலேஜு. செவப்ப எடுத்துத் தலைல வெச்சான்னா பேண்டு வாசிக்கும். பச்சய எடுத்தான்னா, நான் இந்த ஊர்ல முட்டை வாங்கக் கூட வேற டவுனுக்குப் போகணும்.

அதுக்கும் மேல, அவனுக்குப் பதினேழு வயசு. என் கையெழுத்து இல்லாம எந்தத் தொப்பியும் செல்லாது. அதத் தெரிஞ்சுதான மூணாவது தடவையா இவ்வளவு தூரம் வந்து, இந்த டீயவும் குடிக்கிறீங்க? பரவால்ல, குடிங்க.

ஆமா, அந்த மணி விஷயத்த மறந்துட்டேன். காலையில ஸ்கூல் மைதானத்துப் பக்கம் போய் மணிய அடிச்சீங்களாமே?

எனக்கு எப்படித் தெரியுமா? நீங்க வண்டிய எடுக்கறதுக்குள்ள மூணு பேரு போன் பண்ணிட்டாங்க. நெசமாவே நீங்கதானா? எதுக்கு அடிச்சீங்க? சும்மாவா? ஜெயிச்சா அடிக்கிற மணின்னு நெனச்சீங்களா! ஐயோ சாமி. அங்க பசங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்களாமே. ஏன்னு யோசிச்சீங்களா? சத்தம் நல்லா இருக்குன்னு ரசிக்கிறாங்கன்னா நெனச்சீங்க?

அது ஆகஸ்ட் மணி தம்பி. ஆகஸ்ட் மொத வாரம், மத்தியானம், உங்களுக்குச் சொன்னேனே அந்த நூத்திரெண்டுல, பசங்க மைதானத்தச் சுத்தி ஓடுவாங்க. முடியலன்னா, தல சுத்துதுன்னா, தண்ணி வேணும்னா, போயி அந்த மணிய அடிக்கலாம். அடிச்சவன் நெழல்ல உக்காரலாம், தண்ணி குடிக்கலாம். ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க. என்னா தாராளம் பாத்தீங்களா! ஊரே வேலியோரம் குடையும் நாற்காலியும் போட்டு உக்காந்து வேடிக்க பாக்கும். ஆளுக்கொரு கையில ஐஸ் போட்ட டீ. இருபத்தாறு வருஷமா அந்த மணி தொங்குது, ஒரு பையன் தொட்டதில்ல. தொட்டா அப்பறம் அவன் கல்யாணம் பண்ணி, புள்ள பெத்து, தல நரச்சாலும், மணி அடிச்சவன்னுதான் பேரு. வருஷா வருஷம் அதத் தேச்சுப் பளபளன்னு வேற வெக்கிறாங்க.

என்னப் பாத்தா வேலியோரம் உக்காராத ஆளு மாதிரியா இருக்கு? நானுந்தான் உக்காந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் ஒரு தரம் மணிப் பக்கம் திரும்பிப் பாத்தான். டேய், ஓடுடான்னு கத்துனது இதே வாயிதான். சுத்தி இருந்தவங்க கை தட்டுனாங்க எனக்கு.

நீங்க அக்டோபர்ல சொன்னீங்க பாருங்க, எங்க ஊர்ல குளிர் ரொம்பப் போச்சுன்னா பசங்கள உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம்மான்னு. அத நான் முடிவெட்டுற கடையில போய்ச் சொன்னேன். அடேயப்பா, என்னா சிரிப்பு! குளிருதாம், உள்ள போயிடுவாங்களாம்! பர்விஸ் அங்கதான் இருந்தாரு, கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. சிரிச்சுட்டு என்கிட்ட சொன்னாரு, எர்னஸ்டீன், உங்க ஊரு மணி மாதிரியே நாங்களும் காலேஜ்ல ஒண்ணு மாட்டப் போறோம், அடுத்த ஆகஸ்ட்லருந்துன்னு. என்னமோ எனக்கு மரியாத பண்றாப்புல.

நானும் கூடச் சேந்து சிரிச்சேன். சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து, அடுப்படில நின்னுக்கிட்டு, உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம், உள்ள கூட்டிட்டுப் போயிடுவோம்னு சொல்லிப் பாத்தேன். நாலஞ்சு தடவ சொல்லியிருப்பேன்.

ஆமோஸும் அடிக்கல தம்பி.

நாலு வருஷம் ஆச்சு. அன்னிக்குக் காலையில எழுந்தவொடனே சொன்னான், அம்மா, தல வலிக்குது, வாந்தி வர்ற மாதிரி இருக்கு, இன்னிக்கு ஒரு நாள் போகாம இருக்கட்டுமான்னு. அன்னிக்குன்னு பாத்து பர்விஸ் வேலியோரம் வந்து அவன் ஓடுறதப் பாக்கறதா இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேர்வைல யாரும் செத்ததில்லடான்னு சொன்னேன். ரெண்டு முட்டை பொரிச்சுப் போட்டு, நான்தான் கெளப்பி அனுப்புனேன். பதினாலாவது சுத்துல விழுந்தான். ஆஸ்பத்திரில ஒடம்புச் சூடு நூத்தியெட்டுன்னாங்க. மணிக் கம்பத்துக்கும் அவன் விழுந்த எடத்துக்கும் எட்டடி. நானே போய் டேப்பு வெச்சு அளந்தேன். மணிய அடிக்க வந்தானா, தாண்டி ஓடப் பாத்தானா, அதான் தெரியல. எந்தப் பக்கம் பாத்து விழுந்தான்னு இன்னமும் ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

ஊரு ரொம்ப நல்லாக் கவனிச்சுது எங்கள. துக்க வீடுன்னு அறுபத்தி ரெண்டு கேக்கு வந்துச்சு. அவன் நம்பர யாரும் போடக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சாங்க. நம்பர நிறுத்துனாங்க, ஓட்டத்த நிறுத்தல. அடுத்த ஆகஸ்ட்லருந்து கென்ட்ரெல் ஓடுறான். விழுந்தான்னா ஒடனே படுக்க வெக்க, நான் லாரி பின்னாடி தொட்டி நெறைய ஐஸ் கட்டிய வெச்சுக்கிட்டு வேலியோரம் நிப்பேன். எர்னஸ்டீன் ஐஸ் கடை போட்டுட்டான்னு சிரிப்பாங்க. போகாதடான்னு அடிச்சு நிறுத்தலாந்தான். நின்னாத்தான? அண்ணன் அடிக்காத மணிய இவன் எப்படி அடிப்பான்? கேட்டா, ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றான். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

அட, என்ன தம்பி நீங்க! உங்க ஊர்க்காரங்க அழவே மாட்டாங்கன்னு சொன்னாங்க? இந்தாங்க, துணி. மூக்கத் தொடைங்க.

அந்தப் பைத் தட்டக் கொஞ்சம் தூக்குங்க. அடியில ஒரு கவரு இருக்கா? உங்க காகிதந்தான். கையெழுத்துப் போட்டாச்சு. தேதி போடல, புதன்கெழம தேதிய அவனே போட்டுக்குவான். அவனுக்குச் சம்மதமான்னா கேக்குறீங்க? ஜூன்ல நீங்க குடுத்த பச்சத் தொப்பியத் தலகாணி உறைக்குள்ள வெச்சுத் தூங்குறான், எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு. தலகாணி உறையத் தொவைக்கிறது யாரு? அவங்கப்பாவா? அவரு அந்த மணிக் கம்பத்துப் பக்கம் போகாம நாலு மைலு சுத்திக்கிட்டு வேலைக்குப் போறாரு, நாலு வருஷமா. அவரு ஒண்ணும் தடுக்க மாட்டாரு.

அவன் அங்க வந்து, குளிருதுன்னு சொல்ல மாட்டான். செத்தாலும் சொல்ல மாட்டான், அப்படித்தான் வளத்து வெச்சிருக்கோம். நீங்களாப் பாத்து உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன். மீன் புடிக்க எல்லாம் கூட்டிட்டுப் போங்க, எனக்கென்ன.

கையெழுத்து எப்பப் போட்டேனா? இன்னிக்குக் காலையிலதான். கொல்லையில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன், மணிச் சத்தம் கேட்டுச்சு. இந்த வீட்டுக்கு வந்து இத்தன வருஷத்துல அந்தச் சத்தத்தக் கேட்டதே இல்ல நான். யாரோ ஒரு புள்ள போதும்னு சொல்லிட்டான்னு நெனச்சேன் தம்பி. யாரு பெத்ததோ, நல்லா இருக்கட்டும்னு சொல்லிக்கிட்டு, கையில இருந்த துணிய அப்படியே போட்டுட்டு உள்ள ஓடி வந்து பேனாவத் தேடுனேன். அப்பறந்தான் போன் வந்துச்சு, அடிச்சது நீங்கன்னு.